உயிர் காக்கும் தருமம்: கொடுப்பதும் கொடுக்கும் முறையும்

ஈகை சைவ மக்களின் வாழ்வோடு இரண்டறக் கலந்த பண்பாகும். திருவள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமுமாக அடுத்தடுத்து வகுத்துள்ளார். ஊருக்குப் பொதுவாகப் பயன்படும் வண்ணம் செய்வது ஒப்புரவு. இல்லை என்று வந்து நின்றவருக்குக் கொடுப்பது ஈகை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. எனினும் கையிலுள்ள பணம் சிறிதாகவும், கேட்பவரின் தேவை உயிரைப் பற்றியதாகவும் இருக்கும்போது இவை ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது போன்ற ஒரு நிலை உண்டாகின்றது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புச் செய்வதற்காகக் கேட்கப்படும் உதவி அந்நிலையை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

கோயில் பரிபாலன சபைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் புலம்பெயர்ந்தோர் ஒன்றியங்களுக்கும் இத்தகைய விண்ணப்பங்கள் வருவது இன்று புதிய விடயமன்று. வைத்திய அறிக்கையின் பிரதி, கிராம அலுவலரின் சிபாரிசு, வங்கிக் கணக்கு இலக்கம் என்பவற்றோடு "இரு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில்" என்று தொடங்கும் கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்படும். உடனே மூன்று விதமான கருத்துகள் எழும். "உயிர் போகும் நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு, இருப்பதைக் கொடுப்போம்" என்பார் ஒருவர். "இது பொத்தல் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது, எவ்வளவு கொடுத்தாலும் நிறையாது" என்பார் இன்னொருவர். "இதே பணத்தில் ஊருக்கே நல்ல குடிநீர் கொடுக்கலாம், இந்த நோய் வராமலே தடுக்கலாம்" என்பார் மூன்றாமவர். மூவரும் இரக்கமுள்ளவர்கள்தாம். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இவற்றுள் எதன்படி நடப்பது தருமம் என்பதே இங்கு சிந்திக்கப்படவேண்டிய வினாவாகும்.

இதற்கு விடை காண நோயின் தன்மையை ஓரளவு அறிதல் வேண்டும். மனித உடலிலுள்ள இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, அதில் பெரும்பகுதியை மீளவும் உடலுக்கே கொடுத்துவிட்டு, கழிவை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வேலை நின்றுவிட்டால் கழிவும் நீரும் பொட்டாசியமும் உடலில் தங்கிச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உயிருக்கு ஆபத்து விளைகின்றது. அப்போது குருதியை ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரித்து மீண்டும் உடலுக்குள் விடுவதே டயாலிசிஸ். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம் செல்லும். மிகத் தூய்மையாக்கப்பட்ட நீர் ஏறத்தாழ 120 லீற்றர் தேவைப்படும். முறைப்படி வாரத்துக்கு 3 தடவை செய்யவேண்டும். அவ்வாறாயின் ஆண்டொன்றுக்கு 156 தடவைகள். இடவசதி குறைந்த நாடுகளில் 2 தடவையோடு நிறுத்தப்படுவதும் உண்டு. அப்போதும் ஆண்டுக்கு 104 தடவைகள்.

இச்சிகிச்சையின் வரலாறே ஒரு தரும விசாரணையாக அமைந்துள்ளது. நெதர்லாந்து நாட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வில்லெம் கோல்வ் என்னும் இளம் வைத்தியர் செலோபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி முதலாவது செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1943இல் தொடங்கிய அவரது முயற்சியில் ஆரம்ப நோயாளிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயதுடைய ஒரு பெண் பிழைத்தெழுந்தார். அவரோ பகைவரான நாஸிகளுக்குத் துணை நின்றவர் என்று சிறை வைக்கப்பட்டவர், ஊராரால் வெறுக்கப்பட்டவர். இவரைக் காப்பாற்றுவது தகுமா என்று அவ்வைத்தியர் ஆராயவில்லை. நோயாளி என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நிகழ்ந்தது. 1960ஆம் ஆண்டுவரை டயாலிசிஸைச் சில தடவைகளே செய்ய முடிந்தது. ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக் குழாய் ஒன்றில் துளையிடவேண்டியிருந்ததே அதற்குக் காரணம். பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர் கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கக்கூடிய ஒரு குழாயை அவ்வாண்டு அமைத்தார். அதைப் பெற்ற முதல் நோயாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். நீடித்த சிறுநீரக நோயாளரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்ற நிலை இவ்வாறு உருவானது. ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளர் பலர். ஆகவே 1962ஆம் ஆண்டளவில் எவருக்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்ய 7 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. மதகுரு, வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி போன்றோர் அதில் இருந்தனர். அவர்கள் நோயாளியின் வருமானம், பிள்ளைகளின் தொகை, தொழில், ஆலயத்துக்குச் செல்லும் வழக்கம் முதலியவற்றையெல்லாம் ஆராய்ந்தனர். நல்லவர்களே கூடி நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான் அது. ஆயினும் அச்செய்தி வெளியானபோது, ஓர் உயிரின் பெறுமதியை அளக்க இவர்கள் யார் என்ற கேள்வி அந்நாடெங்கும் எழுந்தது. 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் சிறுநீரகம் செயலிழந்தோரில் மிகப் பெரும்பாலானோரின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க முன்வந்தது. செல்வம் மிகுந்த நாட்டினால் அவ்வாறு செய்ய முடிந்தது.

அவ்வளவு செல்வம் இல்லாத நாட்டின் நிலையைத் தென்னாபிரிக்காவின் ஒரு வழக்குக் காட்டுகின்றது. டேர்பன் நகரைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணி என்னும் இந்திய வம்சாவளியினர் ஒருவர், வயது 41, தொழிலற்றவர், நீரிழிவும் இருதய நோயும் உடையவர், சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் அரச வைத்தியசாலையை நாடினார். சொந்தப் பணத்தில் தனியாரிடம் சிகிச்சை பெற்று, அப்பணம் தீர்ந்த பின்னரே அவர் வழக்குத் தொடுத்தார். அவசர சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்புக் கூறுகின்றது என்பது அவரது வாதம். 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்க மறுத்தது. திடீரென நேரும் ஆபத்துக்குரியதே அவசர சிகிச்சை, காலமெல்லாம் தொடரவேண்டிய டயாலிசிஸ் அதனுள் அடங்காது என்பது தீர்ப்பு. சிறிது காலத்திலேயே அவர் இறந்துபோனார். அந்த வைத்தியசாலையில் இருந்தவை 20 இயந்திரங்கள் மாத்திரமே. மீளக்கூடிய சிறுநீரகப் பாதிப்பு உடையவர்களுக்கு முதலிடம், சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் தகுதியுடையவர்களுக்கு அடுத்த இடம் என்பதே அங்கிருந்த ஒழுங்கு. இத்தீர்ப்பு மனத்தை வருத்துவது உண்மை. ஆயினும் அந்த ஒழுங்கு ஒருவரின் குணத்தையோ குலத்தையோ அளக்கவில்லை என்பதையும், நோயின் தன்மையை மாத்திரமே பார்த்தது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

உலக அளவில் நோக்கினால் துயரம் இன்னும் பெரிது. 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகத்தின் துணையோடு வாழ்ந்தனர் என்றும், அது கிடைக்காமையால் உரிய காலத்துக்கு முன்னரே மாண்டவர்கள் குறைந்தது 23 இலட்சம் பேராவது இருக்கலாம் என்றும் வைத்திய ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மாண்டவர்களில் பெரும்பாலானோர் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழைகள். ஆபிரிக்காவின் பல நாடுகளில் காணியை விற்றும் நகையை ஈடுவைத்தும் டயாலிசிஸைத் தொடங்குகின்ற குடும்பங்கள், பணம் தீர்ந்ததும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அதை நிறுத்திவிடுகின்றன. நோயாளியும் போய், குடும்பமும் கடனில் மூழ்குகின்றது. பொத்தல் குடம் என்று சொன்னவரின் அச்சம் இதுதான். அதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அவர் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழத்தல் ஒரே வகையினதன்று. எலிக்காய்ச்சல், புடையன் பாம்புக்கடி, கடும் வயிற்றோட்டம், மகப்பேற்றின்போது நேரும் இரத்தப்போக்கு, சில நஞ்சுகள், சில மருந்துகள் ஆகியவற்றால் நன்றாக இருந்த சிறுநீரகம் திடீரென நின்றுபோவதுண்டு. இத்தகையோரிற் பலருக்குச் சில நாட்களோ சில வாரங்களோ டயாலிசிஸ் செய்தால் சிறுநீரகம் தானாகவே விழித்துக்கொள்ளும். நோயாளி வீடு திரும்பி வயலுக்கும் போவார். கோல்வ் காப்பாற்றிய அப்பெண்ணும் இவ்வகை நோயாளியே. நீரிழிவு, உயர் குருதியமுக்கம் முதலியவற்றால் ஆண்டுக்கணக்காகச் சிதைந்த சிறுநீரகமோ மீள்வதில்லை. அவருக்கு டயாலிசிஸ் என்பது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, அல்லது வாழ்நாள் முழுவதும். முன்னையது ஆற்றைக் கடக்கும் பாலம் போன்றது. பின்னையது முடிவில்லாத பாதை. பாலத்துக்கு ஒருமுறை செலவு செய்தால் ஓர் உயிர் அக்கரை சேரும். பாதைக்கோ நாள்தோறும் செலவு வேண்டும். "அவசர டயாலிசிஸ்" என்ற ஒரே சொல்லால் இரண்டும் குறிக்கப்படுவதே சபைகளிற் குழப்பம் உண்டாவதற்குக் காரணமாகும்.

இவ்வேறுபாட்டை அறிந்த சிறுநீரக வைத்தியர் சங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து, இளம் உயிர்களைக் காக்கும் நோக்கில் ஒரு திட்டத்தை 2012இல் ஆரம்பித்தன. ஆபிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள வறிய நாடுகளில், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புற்ற பிள்ளைகளுக்கும் இளம் தாய்மாருக்கும் வயிற்றறையில் ஒரு நீர்மத்தை விட்டு எடுப்பதன் மூலம் சுத்திகரிப்புச் செய்ய உள்ளூர் வைத்தியர்களும் தாதியர்களும் பயிற்றப்பட்டனர். இதற்குப் பெரிய இயந்திரமோ தடையற்ற மின்சாரமோ தேவையில்லை. தருமப் பணம் சிறிதாக இருந்தாலும், அறிந்து கொடுத்தால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் டயாலிசிஸ் இலவசமாகவே செய்யப்படுகின்றது. இது பெரும் பேறாகும். ஆயினும் இயந்திரங்களும் தாதியரும் தேவைக்குப் போதாமையால் காத்திருக்கவேண்டிய நிலை உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கும் உபகரணங்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடும் மறக்கக்கூடியதன்று. சிகிச்சை இலவசம் என்றாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் போய்வரும் வாகனச் செலவு, கூடச் செல்பவரின் நாட்கூலி இழப்பு, வெளியில் வாங்கவேண்டிய ஊசிமருந்து என்பன ஏழைக் குடும்பத்தை முறித்துவிடுகின்றன. அனுராதபுரம், பொலநறுவை மாவட்டங்களில் 1990களிலிருந்து வயலில் உழைக்கும் மக்களிடையே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களிடத்திலும் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சிதைகின்ற நோய் பரவலாகக் காணப்பட்டது. பதவியா, மதவாச்சி போன்ற பிரதேசங்கள் இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டன. அயலிலுள்ள வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இந்நோய் உண்டு. நிலத்தடி நீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் அருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் அறுதியிடப்படவில்லை. எலிக்காய்ச்சலின் கொடுமையும் சிறிதன்று. 2008இல் இந்நாட்டில் 7000க்கும் அதிகமானோர் அதற்கு ஆளானதாகப் பதிவாகியது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் இன்னதென்று தெரியாதிருந்த காய்ச்சல் ஒன்றால் சிலர் இறந்தபின்னரே அது எலிக்காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. வயலில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரையையும், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குச் செல்வதையும் ஊரில் ஒருவர் நினைவூட்டினாலே சில உயிர்கள் தப்பும்.

இங்கேதான் மூன்றாமவர் சொன்ன கருத்து வலுப்பெறுகின்றது. தடுப்பதற்குச் செலவிடும் சிறு தொகை பல உயிர்களைக் காக்கும். காப்பாற்றப்பட்டவர் இன்னார் என்று எவருக்கும் தெரியாது. எவரும் வந்து நன்றி சொல்லப்போவதும் இல்லை. அவர்களும் உயிர்களே. முகம் தெரியவில்லை என்பதற்காக அவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது நீதியாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளிக்குக் கொடாமல் மிச்சம் பிடித்த பணம் உண்மையாகவே கிணற்றுக்கும் குடிநீருக்கும் போதல் வேண்டும். போகாமல் நிலையான வைப்பில் கிடந்து வட்டி சேர்க்குமாயின் அதைக் கணக்கு என்று சொல்ல முடியாது, சாக்கு என்றே சொல்லவேண்டும்.

பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் வரலாறு இவ்வினாவுக்கு அரியதொரு விடையைத் தருகின்றது. திங்களூரில் வாழ்ந்த அவர், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார், குளம் வெட்டினார், சோலை வளர்த்தார். அந்நீரைக் குடித்தவர் யார் யார் என்று அவர் அறியார். வழிப்போக்கர் அனைவருக்கும் பொதுவாகச் செய்த ஒப்புரவு அது. அப்பர் சுவாமிகள் அவர் இல்லத்துக்கு எழுந்தருளிய நாளில், வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அடியாரின் திருவமுதுக்கு இடையூறாகும் என்று பெற்றோர் பிள்ளையின் மரணத்தையே மறைத்தனர். அப்பரோ அப்பிள்ளையைக் காணாது அமுது செய்ய ஒருப்படவில்லை. உண்மையை அறிந்ததும் உணவை விடுத்து எழுந்து, திருக்கோயிலின் முன் பதிகம் பாடி அவ்வுயிரை மீட்டார். ஊரெல்லாம் தண்ணீர் அருந்துகின்றதே, ஒரு பிள்ளை போனால் என்ன என்று அவர் எண்ணவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, இனித் தண்ணீர்ப்பந்தர் எதற்கு என்று அப்பூதியடிகளும் எண்ணியிருக்கமாட்டார். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தன. காணாதவருக்கு நாள்தோறும் நீர், கண்முன் வீழ்ந்தவருக்கு அந்த நொடியே உதவி.

சிலர் நோயை வினைப்பயன் என்று சொல்லி ஒதுங்குவதுண்டு. அப்பர் சுவாமிகளையே சூலைநோய் வருத்தியபோது, தமக்கையார் திலகவதியார் அதை வினை என்று விட்டுவிடாது திருநீறளித்து அழைத்துச் சென்றார். வினைக் கொள்கை தன் துன்பத்தைத் தாங்குவதற்குத் துணையாகும். பிறர் துன்பத்தைக் கண்டு கையை மடக்குவதற்கு அது ஒருபோதும் அனுமதி ஆகாது.

ஆகவே உதவ விரும்பும் சபைகளும் தனியாரும் கொள்ளத்தக்க முறையைப் பின்வருமாறு கூறலாம். முதலாவதாக, இது பாலமா, பாதையா என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை அது. பாலமாயின் அடுத்த மாதக் கூட்டம்வரை விண்ணப்பத்தை ஒத்திவைப்பது தகாது. பணம் அன்றே செல்லவேண்டும். அதற்கென ஒரு சிறு தொகையை எப்போதும் கையிருப்பில் வைத்திருத்தல் நன்று.

இரண்டாவதாக, பாதையாயின் முதலில் அரச வைத்தியசாலையில் இடம் பெற்றுக்கொடுக்க முயலவேண்டும். தருமப் பணத்தைப் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் போசாக்குக்கும், குடும்பத்தவர் ஒருவர் சிறுநீரகம் வழங்க முன்வந்தால் அதற்கான பரிசோதனைகளுக்கும் பயன்படுத்தலாம். மாதம் இவ்வளவு, இத்தனை மாதங்களுக்கு என்று தாங்கக்கூடியதை மாத்திரம் சொல்லி, சொன்னதைத் தவறாது கொடுக்கவேண்டும். மூன்று தடவைக்கான பணத்தை ஆரவாரமாகக் கொடுத்துவிட்டு நான்காவது தடவைக்கு முகம் கொடுக்காதிருப்பது மிகக் கொடியது. கொடுத்தவரின் மனம் ஆறிவிடும். நோயாளியின் நோய் ஆறாது. இல்லை என்று சொல்லவேண்டி வரின் அதையும் நேரிற் சென்று, காரணத்தோடும் கனிவோடும் சொல்லவேண்டும். பணம் கொடுக்க இயலாதபோதும், வைத்தியசாலைக்கு ஒருநாள் கூடச் செல்லவும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இயலும்.

மூன்றாவதாக, கேட்பவரின் தகுதியை அளத்தல் ஆகாது. சந்தா கட்டியவரா, எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவர், குடித்து வருத்தத்தைத் தேடிக்கொண்டவரா என்ற கேள்விகள் எழும்போதெல்லாம், எந்தக் கிராமத்துச் சபையும் தன்னையறியாமலே சியாற்றில் நகரக் குழுவாக மாறிவிடுகின்றது. நன்றாகக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கும் வெளிநாட்டில் உறவினர் உள்ளவருக்கும் உதவி எளிதாகக் கிடைக்கின்றது. எழுதத் தெரியாதவரை நாமே தேடிப்போகவேண்டும் என்ற எண்ணம் சபைக்கு இருத்தல் அவசியம். காசோலையை நோயாளியின் கையிற் கொடுத்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் இடும் வழக்கமும் கைவிடப்படவேண்டியதே. உயிருக்குப் போராடும் ஒருவர் தமது மானத்தை விலையாகக் கொடுத்து உதவி பெறும்படி செய்தால் அது ஈகையின் பெயரால் நடக்கும் வியாபாரமாகிவிடும்.

நான்காவதாக, கிடைக்கும் தருமப் பணத்தில் ஒரு பங்கு தண்ணீர்ப்பந்தருக்கு உரியது. நல்ல குடிநீர், குருதியமுக்கமும் நீரிழிவும் பார்க்கும் நாள், கிளினிக்குக்குப் போகாமல் நின்றவரை மீளவும் அனுப்பிவைத்தல், வைத்தியர் சொல்லாமல் நோமாத்திரை விழுங்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அற்பம். அவசரம் என்று எந்த ஆண்டும் அப்பங்கைத் தொடலாகாது. அந்த ஒரு பங்கை ஒழுங்காகச் செலவு செய்யும் ஊரில் இருபது ஆண்டுகளின் பின் வரும் விண்ணப்பங்கள் குறையும்.

இத்தனை செய்தும் எல்லா உயிரையும் காக்க முடியாது. பணம் தீரும், இயந்திரம் போதாது, சிலர் இறப்பர். அவ்வேளையில் கொடுத்தவர் தம்மை நொந்துகொள்வதாலும் பயனில்லை, இனிக் கொடுத்தென்ன என்று கையை விரிப்பதாலும் பயனில்லை. கேட்டவரை மதித்து, உண்மையைக் கேட்டறிந்து, இயன்றதைக் காலத்தாற் செய்து, சொன்ன சொல்லைக் காப்பதே மனிதரால் ஆகக்கூடியது. எஞ்சியது அவன் செயல். கண்முன் வீழ்ந்தவரைத் தூக்கும் கையும், காணாதவருக்காகக் கிணறு வெட்டும் கையும் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றையொன்று தழுவி நிற்க எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் துணைபுரிவதாக.